ஒரு வயர் அதிகம்

ஷர்ஷென் முட்டை வாங்கினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பைக்குள் போடுவார். மசூதி வாசலில் பூட்ஸைக் கழற்றினால் ஒன்றை இந்த மூலையிலும் மற்றதை அந்த மூலையிலும் விடுவார். திருடன் ஜோடி தேடிச் சேர்ப்பதற்குள் தொழுகை முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. நரின் ஊரிலிருந்து டோலோன் கணவாய் வழியாக பிஷ்கெக்குக்கு டாக்ஸி ஓட்டுகிறவர். தலை நரைத்தது அந்தப் பாதையில்தான். வண்டியில் ஏறுகிறவன் சிரித்தால் இவனுக்கு என்ன சிரிப்பு என்று கண்ணாடியில் பார்ப்பார். சிரிக்காவிட்டாலும் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனிதரின் வண்டி கணவாய் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, உள்ளே பயணிகளும் டிக்கியில் உருளைக்கிழங்கு மூட்டையும் இருக்கும்போது, 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு உயிரை விட்டது. நிலக்கரி லாரி ஒன்று கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டுப் போனது. திறந்து பார்த்தால் என்ஜினுக்குள் ஒரு தண்டு முறிந்து பக்கச் சுவரையே துளைத்திருந்தது. பழைய ஜெர்மன் வண்டி. அதே என்ஜினைத் தேடினால் முழு வண்டியின் விலை சொன்னார்கள். பிஷ்கெக் சந்தையில் ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வந்த கார்களின் என்ஜின்கள் வரிசையாகக் கிடக்கும். அதில் ஒன்றை, எண்ணெய் மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்த்து, விற்றவனின் அண்ணன் யார் மாமன் யார் என்று விசாரித்து முடித்து, வாங்கி வந்தார்.

என்ஜினை இறக்கி உட்கார வைக்க அவருக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. ஒரு செயின் கப்பியும் பக்கத்து வீட்டு ஆட்களும் போதுமாக இருந்தது. வயரில்தான் வந்தது வினை. ஜப்பான்காரன் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் வைக்கிறான். என்ஜினுக்குப் புத்தி சொல்லும் கம்ப்யூட்டர் பெட்டியை இடப்பக்கம் வைக்கிறான். என்ஜினிலிருந்து வரும் வயர்க்கட்டு அந்த இடத்துக்கு அளவெடுத்து வெட்டியது. ஷர்ஷெனின் வண்டியில் ஸ்டீயரிங் இடப்பக்கம், அதனால் அந்த இடத்தில் பெடல்கள் இருக்கின்றன. பெட்டியை வலப்பக்கம் கொண்டுபோனால் வயர்க்கட்டு ஒரு கை நீளம் எட்டவில்லை. கட்டில் இருக்கிற அத்தனை வயரையும் ஒவ்வொன்றாக வெட்டி, நடுவில் துண்டு சேர்த்து, ஈயம் வைத்து நீட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாறினால் என்ஜின் இருமும். நேரம் சரியில்லை என்றால் கம்ப்யூட்டரே புகைந்து போகும்.

இந்த வேலைக்கு யாரைக் கேட்டாலும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள். மலைக்கு அந்தப் பக்கம் அத்-பஷியில் இருக்கிற பகாஸ். அந்தப் பேரைக் கேட்டதும் ஷர்ஷெனுக்குப் பல் கூசியது. பகாஸ் அவருடைய சம்பந்தி.

மகள் பெர்மெட்டை பகாஸின் மகனுக்குக் கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்த குளிரிலேயே மாப்பிள்ளை மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பெர்மெட் மாமியார் வீட்டில் மாடு கறந்துகொண்டு இருந்தாள். பனி உருகின பிறகு, பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முறைப்படி வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. 'அங்க போகல' என்பதோடு சரி. சந்தைக்குப் பக்கத்தில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

வந்த புதிதில் ஒரு நாள் முற்றத்தில் அப்பாவிடம் வந்து நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஷர்ஷென், வண்டி கழுவணும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கெட்ட சேதியைக் காதில் வாங்காவிட்டால் அது நடக்கவில்லை என்று நினைக்கிற ஆட்கள் உண்டு. ஊரில் எல்லோரையும் துருவித் துருவிக் கேட்கிற ஷர்ஷென், வீட்டுக்குள் அந்த ரகம்.

அவர் மனதில் ஒரு தீர்மானம் இருந்தது. வண்டி ஓட ஆரம்பித்ததும், முதல் பனி விழுவதற்குள், பெர்மெட்டைத் தானே அத்-பஷிக்குக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். ஊர் வாய் ஏற்கெனவே மெல்ல ஆரம்பித்துவிட்டது. சம்பந்தி வந்து கேட்டால் நாம் குனிய வேண்டும். நாமே கொண்டுபோய் விட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கலாம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி குல்சுனிடம்கூட.

ஆக, பகாஸுக்கு ஆள் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. மறுநாளே வந்து நின்றார். குள்ளமான மனிதர், வெள்ளைக் கம்பளித் தொப்பி, கையில் துணிப்பை. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று ஷர்ஷென் தனக்குள் சொல்லிக்கொண்டு, வாசல் வரை போய் இரண்டு கையாலும் கைகுலுக்கி வரவேற்றார். சம்பந்தி ஆயிற்றே. சம்பந்தியிடம் கூலி பேசக்கூடாது. அவர் வேலை செய்யும்போது தலைக்கு மேல் நின்று பார்க்கக்கூடாது. ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. ஆடு அடித்துப் போட வேண்டும், மரியாதைக்கு ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைக்க வேண்டும், அவர் சொல்வதற்கெல்லாம் சிரிக்க வேண்டும். இப்படி ஒரு ஆளிடம் வண்டியை ஒப்படைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு கணவாய் ஏறுவதும் ஒன்றுதான்.

பெர்மெட் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு வந்து, மருமகள் செய்ய வேண்டிய முறைப்படி மாமனார் முன்னால் குனிந்து வணங்கினாள். பகாஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, நல்லா இரும்மா என்றார். ஷர்ஷென் அதைக் கவனித்தார். கண்ணைப் பார்த்துப் பேசாத மனிதனின் மனதில் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கும்? மருமகளைத் திருப்பி அனுப்பாத கோபம்தான் இருக்கும். வேறென்ன.

பகாஸ் வயர்க்கட்டை முழுசாகக் கழற்றி, கொட்டகையில் ஒரு கம்பளத்தை விரித்து அதன்மேல் கிடத்தினார். கூலி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஷர்ஷெனுக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. காசு வாங்குகிறவனை நம்பலாம். அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். காசு வேண்டாம் என்கிறவனுக்கு அதைவிடப் பெரிதாக ஏதோ வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் வயரிலேயே வந்தது. பகாஸ் சந்தைக்குப் போய் ஒரு பெரிய சுருள் வாங்கி வந்தார். முழுக்க வெள்ளை. ஜப்பான்காரன் வயருக்கு வயர் நிறம் வைத்திருக்கிறான்: பச்சையில் சிவப்புக் கோடு, நீலத்தில் மஞ்சள் கோடு. நடுவில் ஒரு கை நீளம் எல்லாம் வெள்ளையாகிவிட்டால் நாளைக்கு வேறு ஒரு எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்து என்ன கண்டுபிடிப்பான்? ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டான். சம்பந்தியைத்தான் கூப்பிட வேண்டும். வண்டி ஓடுகிற காலம் வரைக்கும் சம்பந்தி வாசலில் போய் நிற்க வேண்டும். சம்பந்தி கேட்பார்: வயர் இருக்கட்டும், என் மருமகள் எங்கே?

கேட்கக்கூடாதுதான். ஆனாலும் டீ கொண்டுபோகிற சாக்கில் போய், எல்லாம் வெள்ளையா இருக்கே என்று சும்மா சொல்வது போல் சொன்னார்.

"இந்தத் தடிமன்ல சந்தையில வெள்ளைதான் இருக்கு சம்பந்தி," என்றார் பகாஸ், தலையைத் தூக்காமலே. "பயப்படாதீங்க. அடையாளம் போட்டுடுவேன்."

அடையாளம் எப்படிப் போட்டார் என்பதுதான் வேடிக்கை. பெர்மெட் கடையிலிருந்து தையல் நூல்கண்டுகளைக் கொண்டு வந்தாள். எந்த வயரை வெட்டுகிறாரோ அதன் நிறத்து நூலை, வெள்ளைத் துண்டின் இரண்டு முனையிலும் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார்கள். ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் கட்டு புடைக்கும் என்று ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி வெட்டினார். ஈயம் வைத்து, சுருங்கும் குழாயை மேலே இழுத்துச் சூடு காட்டி, இழுத்துப் பார்த்து, திரும்பவும் இழுத்துப் பார்த்தார். அன்று முழுக்க ஒரு கைப்பிடி வயரைத்தான் முடித்தார். மறுநாள் அதைவிடக் குறைவு. கல்யாணத்துக்குப் பூத்தொடுக்கிறவள்கூட இதைவிடச் சீக்கிரம் தொடுப்பாள்.

ஷர்ஷெனுக்கு அதுகூடப் பெரிதில்லை. மாமனாரும் மருமகளும் கம்பளத்தில் எதிரெதிரே உட்கார்ந்து நூலைச் சுற்றிக்கொண்டே குசுகுசு என்று பேசுகிறார்கள். இவர் காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. "அந்தப் பச்சை நூலை எடும்மா," என்கிறார் அவர். பச்சை நூல் அவர் மடியிலேயே கிடக்கிறது.

அன்று குல்சுனிடம் பொருமித் தீர்த்தார். என் வீட்டில், என் கொட்டகையில், என் பொண்ணின் மனதைக் கலைக்கிறான் அந்த ஆள். வா வா என்று நயமாகக் கூப்பிடுகிறான் போல. குல்சுன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டா உங்களுக்கு நல்லதுதானே? நீங்களும் அவ போகணும்னுதானே இருக்கீங்க."

"நான் கொண்டுபோய் விடறது வேற. அவன் கூட்டிட்டுப் போறது வேற."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஷர்ஷெனுக்கு அன்றைக்கு மனைவியும் பேயாகத் தெரிந்தாள். இவளுக்கு என் தீர்மானம் எப்படித் தெரிந்தது, யார் சொன்னது என்ற யோசனையில் அவள் சொன்ன கடைசி வார்த்தையை விட்டுவிட்டார்.

தினமும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்காரும்போது ஒரு கூத்து நடந்தது. பகாஸ் ரொட்டியைப் பிட்டு, டீயில் நனைத்து, வாயருகே கொண்டுபோய் நிறுத்துவார். "சம்பந்தி, ஒரு விஷயம்…" என்பார். ஷர்ஷென் உடனே கறித்தட்டை அவர் பக்கம் தள்ளி, முதல்ல சாப்பிடுங்க, விஷயம் எங்கே ஓடிப்போகிறது என்பார். பகாஸ் உப்பு கேட்பார். விஷயம் உப்போடு கரைந்துவிடும். கேட்கவே வாய்ப்புக் கொடுக்காவிட்டால் சம்பந்தி எப்படி மருமகளைக் கேட்பார் என்று ஷர்ஷெனுக்குத் தன் சாமர்த்தியத்தைப் பற்றிப் பெருமைதான்.

கடைசியில் வயர்க்கட்டு முடிந்து, துணி டேப் சுற்றி, வண்டிக்குள் ஏறியது. பகாஸ் கை கழுவப் போன நேரத்தில் ஷர்ஷென் டார்ச்சோடு டேஷ்போர்டின் கீழே தலையை விட்டார். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகிற கட்டு பெட்டிக்குப் போயிருந்தது. டாங்கிலிருக்கிற ஃபியூவல் பம்புக்குப் போகிற வயர் கதவோரக் கம்பளத்தின் கீழே பின்னால் போயிருந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வயரும் போயிருந்தது. வெள்ளை. அதற்கு மட்டும் நூல் சுற்றவில்லை.

அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. டிரைவர்கள் 'ரகசியம்' என்பார்கள். எங்கேயோ மறைவாக ஒரு சின்ன சுவிட்ச். அதை அழுத்திவிட்டால் திருடன் எவ்வளவு சாவி திருகினாலும் வண்டி கிளம்பாது. அது இருக்கிற இடத்தைக் கட்டின பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஷர்ஷென் பழைய என்ஜினுக்குத் தன் கையாலேயே ஒன்று வைத்திருந்தார். இதற்கும் சம்பந்தி போன பிறகு தானே வைத்துக்கொள்ள நினைத்திருந்தார். இப்போது சம்பந்தி முந்திக்கொண்டார். என் வண்டியில் எனக்குத் தெரியாத ரகசியம்.

கம்பளத்தைப் பிய்த்து வயரின் பின்னாலேயே போக வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் வழியில் சீட்டுகள் இருந்தன. அன்று காலைதான் பெர்மெட் புது உறை தைத்து வந்து இழுத்து மாட்டியிருந்தாள். முன் சீட்டை மட்டும் முந்தின நாளே கழற்றித் தரச் சொல்லி, கொட்டகையின் மூலையில் நாள் முழுக்க வைத்துக்கொண்டு, மாமனார் கையாலேயே திரும்ப முடுக்க வைத்திருந்தாள். இப்போது கதவருகே வந்து நின்றாள்.

"அப்பா, சீட்டைப் பிரிக்கப் போறீங்களா? ஊசி குத்தி விரலெல்லாம் ஓட்டையாப் போச்சு, பாருங்க."

விரல்களைப் பார்த்தார். விட்டுவிட்டார். பகாஸ் திரும்பி வந்ததும், இந்த வயர் எதுக்கு சம்பந்தி என்று, முறை மீறித்தான், கேட்டார். பகாஸ் துண்டில் கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"அதுவா? தேவைப்படும் சம்பந்தி."

யாருக்கு என்று சொல்லவில்லை. அதற்குமேல் கேட்பது சம்பந்தியின் தாடியைப் பிடித்து இழுப்பதற்குச் சமம்.

சாவியைத் திருப்பினதும் பின்னால் டாங்குக்குள் பம்ப் 'ம்ம்' என்று முனகி நின்றது. அடுத்த திருப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. இருமலும் இல்லை, புகையும் இல்லை. குல்சுன் மலைச் சவுக்கு இலையைக் கொளுத்தி, கண்ணேறு கழிய வண்டியைச் சுற்றிப் புகை காட்டினாள். ஷர்ஷெனுக்கு ஒரு நிமிஷம் அழுகையே வந்துவிட்டது. ஆனால் பகாஸ் வாசலில் விடைபெறும்போது கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

"சம்பந்தி, ஒரு விஷயம்…" என்றார். ஷர்ஷென் வானத்தைப் பார்த்து, இருட்டுவதற்குள் மலையைத் தாண்ட வேண்டாமா என்றார். பகாஸ் பெருமூச்சு விட்டார்.

"வண்டி எங்கயாவது நின்னா பானெட்டைத் திறக்காதீங்க. முதல்ல எனக்கு ஃபோன் பண்ணுங்க."

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நிற்கும் என்று தெரிந்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறான். ஷர்ஷென் மறுநாள் பூராவும் ரகசியத்தைத் தேடினார். சாம்பல் கிண்ணத்தின் பின்னால், ஸ்டீயரிங்கின் கீழே, ஹேண்ட் பிரேக்கின் இடுக்கில், விரல் நுழைகிற இடமெல்லாம் நுழைத்துப் பார்த்தார். கிடைத்தவை பழைய நாணயங்களும், யாரோ பயணி தொலைத்த சீப்பும். சீட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டே தேடினார். அடுத்த நாள் கணவாயின் அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி ஓடியது, பழையதைவிட நன்றாகவே ஓடியது. சரி, சம்பந்தி ஏதோ செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் மலை உச்சியில் வெள்ளை தெரிந்தது. இனி தள்ளிப்போட முடியாது. காலையில் குல்சுன் பால் வாங்கப் போன நேரத்தில் பெர்மெட்டின் சீர்ப்பெட்டியையும் மெத்தைகளையும் டிக்கியில் வைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக்கூடாது என்று தார்ப்பாயைப் போட்டு மூடினார். கடையில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மகளைக் கூப்பிட்டார். அவள் முன் சீட்டில் ஏறினாள். கையில் தூக்குவாளி, தலையில் சாதாரணப் பூப்போட்ட முக்காடு.

சந்தைக்கு நேரே போக வேண்டும். ஆற்றுப் பாலத்தின் பக்கம் திரும்பி அதைத் தாண்டினால் அத்-பஷிப் பாதை. ஷர்ஷென் வேகத்தைக் குறைத்தார், ஸ்டீயரிங்கை ஒடித்தார், பாலத்தின் மேல் ஏறினார். பெர்மெட் ஒன்றும் கேட்கவில்லை. ஏன்பா இந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டி அத்-பஷிப் பாதையில் முகம் திருப்பின இடத்தில் என்ஜின் ஒரு முறை தயங்கியது. பிறகு அமைதியாக அணைந்துபோனது. ஓரமாக உருண்டு நின்றது.

சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. திரும்பவும் திருப்பி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டாங்கில் பம்பின் முனகல் இல்லை. அவருக்கு வந்தது கோபமா சந்தோஷமா என்று சொல்வது கஷ்டம். நான் அப்பவே சொன்னேன், நான் அப்பவே சொன்னேன் என்று கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. ஃபோனை எடுத்து பகாஸைக் கூப்பிட்டார். முறையும் மரியாதையும் ஆற்றோடு போயின. சோறு போட்ட வீட்டு வண்டியில் பொறி வைத்தவன் நீ என்றார். வெள்ளை வயரைப் பார்த்த அன்றைக்கே உன்னைத் தெரிந்துகொண்டேன் என்றார். மருமகளை அனுப்பவில்லை என்பதற்காக ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைப்பாயா என்றார். மூச்சு வாங்க நிறுத்தினார்.

அந்தப் பக்கம் பகாஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, வண்டி மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?"

"எந்தப் பக்கம் பார்த்தா உனக்கென்ன? உன் ஊர்ப்பக்கம்தான் பார்த்து நிக்குது. உன் மருமகளைத்தான் கொண்டு வரேன்."

"அப்ப வண்டியைத் திருப்புங்க. ஓடும்."

ஷர்ஷெனுக்குப் புரியவில்லை. பகாஸ் தொடர்ந்தார்.

"எம் பையன் மாஸ்கோவுல ஒருத்தியோட குடும்பம் நடத்துறான் சம்பந்தி. குழந்தை இருக்கு. உங்க வீட்டு உப்பைத் தின்னுக்கிட்டு உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல தினமும் வாயைத் திறந்தேன். வரல. நீங்களும் விடல. இப்ப இந்தப் பொண்ணு இங்க வந்தா மருமகளா இருக்கமாட்டா. மாடு கறக்கிற கூலியாதான் இருப்பா. எங்க வீட்டுக்காரி அதுக்குத்தான் காத்திருக்கா. வண்டி தயாரானா நீங்க கொண்டுவந்து விட்டுடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் அந்த வெள்ளை வயரோட சுவிட்சை அவ கையிலயே குடுத்தேன். திட்டணும்னா இன்னும் திட்டுங்க."

ஷர்ஷென் ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றார். அந்தப் பக்கம் பகாஸ் எப்போது வைத்தார் என்றே தெரியவில்லை. கீழே நரின் ஆறு சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் பார்க்கிற மாதிரி நடுரோட்டில் துணி அவிழ்ந்து நிற்பதைப் போல வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை மேல் கோபம் வர வேண்டும். வரும், பிறகு வரும். இப்போது வெட்கம் மட்டும்தான்.

வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பெர்மெட் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை சீட்டின் ஓரத்துத் தையலில் இருந்தது.

"டிக்கியில பெட்டி இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"காலையில என் மெத்தை இல்லாத அறையைப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் ஏறின?"

"அத்-பஷிப் பக்கம் திரும்பமாட்டீங்கன்னு நெனச்சேன். பாலம் வரைக்கும் நெனச்சேன்."

ஷர்ஷென் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பெர்மெட்."

"சொல்ல வந்தேன்ப்பா. நீங்க வண்டி கழுவப் போயிட்டீங்க."

அதில் குத்தல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதுதான் அவரை அறைந்தது. வாளியும், அன்றைக்கு வண்டியில் அழுக்கே இல்லாததும், துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்ததும் ஞாபகம் வந்தன. இந்த வண்டியில் விரல் போகிற இடமெல்லாம் துழாவிப் பார்த்தவர், முன் சீட்டில் இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ன பண்ணலாம் சொல்லு," என்றார்.

"எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

தலையை ஆட்டினார். இன்னொரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. அப்போது சீட்டின் ஓரத்தில் 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. ஷர்ஷென் சாவியைத் திருப்பினார். பின்னால் டாங்குக்குள் பம்ப் முனகி நின்றது. வண்டியின் மூக்கு இன்னும் அத்-பஷியைப் பார்த்துத்தான் இருந்தது. அவர் நினைத்தால் கியரைப் போட்டு மலையேறிவிடலாம். அதற்குப் பிறகு மலைச் சரிவில் அவள் அணைத்தால் அவளுக்கும்தான் ஆபத்து. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அழுத்தியிருந்தாள். ஜென்மத்தில் ஒருவரையும் நம்பாத மனிதரை அந்த இடத்தில் ஒருத்தி நம்பினாள். அவருக்குக் கண் கலங்கியது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியைத் திருப்பினார்.

பாலத்தைத் திரும்பத் தாண்டினதும் பழைய குணம் மெல்ல எட்டிப் பார்த்தது.

"எங்கதான் வெச்சிருக்கு அது?"

"சொல்லமாட்டேன்."

"அப்பாகிட்டயுமா?"

"அப்பாகிட்டதான்."

கடை வாசலில் அவளை இறக்கிவிட்டார். அவள் போகும்போது தூக்குவாளியிலிருந்து இரண்டு போர்சோக்கை எடுத்து, காலையில் நீங்கள் சாப்பிடவில்லை என்று அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். எண்ணெயில் பொரித்த அந்த மாவுத் துண்டுகளை வாயில் போட்டு மென்றபடியே வீட்டுக்கு வந்தார்.

அப்போது தெருவில் வெயில் ஏறியிருந்தது. எதிர்வீட்டுக்காரி வேலியோரம் நின்றிருந்தாள், பக்கத்து வீட்டு ஆண்கள் சுவரில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஷர்ஷென் கொட்டகைக்குள் போகவில்லை. தெருவிலேயே நிறுத்தி, டிக்கியைத் திறந்து, தார்ப்பாயை உருவித் தரையில் போட்டார். மகளின் சீர்ப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்தார். என்ன ஷர்ஷென், பொண்ணு சாமானெல்லாம் எங்கே போகிறது என்று ஒருவர் கேட்டார்.

"எங்கயும் போகல," என்றார் ஷர்ஷென். "இங்கதான் இருக்கப்போகுது." மெத்தைகளை எடுக்கத் திரும்பவும் வெளியே வந்தார்.